பெயரில்லாக் குரல்கள்: சாம்ப்ளர் என்னும் கருவியும் பெண்களும்

சென்ற ஆண்டு ஒரு பழைய சாம்ப்ளர் வாங்கினேன். ஏதாவது ஓர் ஓசையைப் பதிந்து, வேண்டிய அளவுக்கு வெட்டி, விசையைத் தட்டும்போதெல்லாம் திரும்ப ஒலிக்கச் செய்யும் இசைக்கருவிதான் சாம்ப்ளர். இன்று அந்த வேலையைக் கணினியும் கைபேசியுமே செய்துவிடுகின்றன. எனக்கோ திரையைப் பார்க்காமல் விரலால் தட்டி வாசிக்கும் கருவி வேண்டியிருந்தது. கிடைத்தது அகாய் எம்பிசி 2000 எக்ஸ்எல். முகப்பில் 16 ரப்பர் பொத்தான்கள், ஒரு சிறிய திரை, ஃபிளாப்பி நுழைக்க ஒரு வாய். சினிமாப் பாடல்களுக்குக் கீபோர்டு வாசித்துவந்த ஒருவர், கணினிக்கு மாறிய பிறகு அதைப் பரணில் ஏற்றிவிட்டிருந்தார்.

சென்னையில் அவர் வீட்டுக்குக் கணவருடன் போனேன். கருவியின் வயது, குறை, விலை எல்லாவற்றையும் அவர் என் கணவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். "இவங்கதான் வாங்குறாங்க" என்று கணவர் சொன்ன பிறகு என் பக்கம் திரும்பி, "பையனுக்கா மேடம்?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். நம்பாதவர்போலச் சிரித்தார். பழைய சாம்ப்ளரை வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு பொத்தானும் மெல்லத் தட்டினாலும் ஒலிக்கிறதா, திருகும்போது எண்கள் தாவுகின்றனவா, திரையின் பின்விளக்கு எரிகிறதா, ஜப்பானில் விற்ற 100 வோல்ட் கருவியா, நம் ஊர் மின்சாரத்துக்கு ஏற்றதா. இரண்டு பொத்தான்கள் ஓங்கி அடித்தால்தான் பேசின. திரை மங்கியிருந்தது. அதைக் காட்டி விலையைக் குறைத்தேன். அப்போதுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

கருவியோடு செருப்புப்பெட்டி ஒன்றில் இருபது ஃபிளாப்பிகளும் வந்தன. வீட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். மத்தள ஓசைகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. எந்த நிறுவனத்தின் எந்த இயந்திரம் எழுப்பிய ஓசை என்பது வரை குறித்திருந்தார்கள். ஒரு தட்டில் மட்டும் 'ஃபீமேல் வாய்ஸ்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒன்பது துண்டுகள்: ஒரு பெருமூச்சு, சில கூவல்கள், பாதியில் அறுந்த ஓர் ஆலாபனை. அவற்றின் பெயர் ஃபீமேல் வாய்ஸ் 1, ஃபீமேல் வாய்ஸ் 2 என்று 9 வரை. இயந்திரத்துக்குப் பெயர் இருக்கிறது, பாடிய பெண்ணுக்கு எண்தான் இருக்கிறது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடப்போனதில் எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

*

சாம்ப்ளர் வருவதற்கு முன்பே அதன் வேலையைக் கைகளால் செய்தவர்கள் இருந்தார்கள். காந்த நாடாவில் ஓசையைப் பதிந்து, சவர பிளேடால் வெட்டி, ஒட்டுநாடாவால் ஒட்டினார்கள். லண்டனில் பிபிசி வானொலி 1958இல் தொடங்கிய 'ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்' அந்த வேலைக்கான பட்டறை. அதைத் தொடங்கப் போராடியவர்களுள் முதன்மையானவர் டாஃப்னி ஓரம் என்ற பெண்.

கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்த டெலியா டெர்பிஷயர், 1959இல் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களுக்கு வேலை கொடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு பிபிசிக்கு வந்து இந்தப் பட்டறையில் சேர்ந்தார். 1963இல் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடருக்கு ரான் கிரெய்னர் எழுதித் தந்த மெட்டை ஒலியாக்கியவர் அவர்தான். மீட்டிய ஒரு தந்தியின் ஓசையைப் பதிந்து, நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வெவ்வேறு சுரங்களை உண்டாக்கி, ஒவ்வொரு சுரத்தையும் அளந்து வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார். இன்று என் சாம்ப்ளர் ஒரு நொடியில் செய்வதை அவர் நாட்கணக்கில் உட்கார்ந்து செய்தார்.

கேட்டு வியந்த கிரெய்னர், இசையமைப்பாளர் என்று டெலியாவின் பெயரையும் சேர்க்க விரும்பினார். ஊழியர்களின் பெயரைத் தனியே போடுவதில்லை என்பது பிபிசியின் விதி. ஆகவே திரையில் பட்டறையின் பெயர் மட்டும் வந்தது. டெலியா 2001இல் இறந்தார். அவர் வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் கிடைத்தன. தொடரின் 50ஆம் ஆண்டான 2013இல்தான் அவர் பெயர் முதன்முறையாக அந்தத் திரையில் வந்தது. அப்போது அதைப் பார்க்க அவர் இல்லை.

*

எண்முறைச் சாம்ப்ளர்களில் முதலில் விற்பனைக்கு வந்தவற்றுள் ஒன்று, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கிய ஃபேர்லைட் சிஎம்ஐ. ஆண்டு 1979. விலையோ ஏறக்குறைய ஒரு வீட்டின் விலை. அதில் ஒரு நொடியளவு ஓசையைத்தான் பதிய முடியும். ஆனால் பதிந்த ஓசை எதுவானாலும், நாய் குரைப்பானாலும் தகரம் உருள்வதானாலும், அதை ஒரு கீபோர்டின் எல்லாச் சுரங்களிலும் வாசிக்கலாம்.

கேட் புஷ் அந்தக் கருவியைப் பீட்டர் கேப்ரியேலின் இசைத்தொகுப்புக்குக் குரல் கொடுக்கப் போனபோது கண்டார். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. 1980இல் வெளிவந்த தம்முடைய 'நெவர் ஃபார் எவர்' தொகுப்புக்கு அதை வாடகைக்கு எடுத்தார். 'பபூஷ்கா' பாடலின் முடிவில் கேட்கும் கண்ணாடி நொறுங்கும் ஓசை அதில் பதிந்ததுதான். அதே தொகுப்பில் 'ஆர்மி ட்ரீமர்ஸ்' என்று ஒரு பாடல். படைக்குப் போன மகன் பிணமாகத் திரும்பியதை எண்ணிப் புலம்பும் தாயின் பாட்டு. அதற்குத் தாளமாக வருவது துப்பாக்கியின் விசையை இழுக்கும் ஓசை. முன்வரிசையில் தாயின் சொற்கள், பின்னால் மகனைக் கொன்ற இரும்பு. புதிதாக வந்த இந்த இயந்திரத்தை வைத்து ஒரு பெண் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, ஒப்பாரிக்குத் தாளம் கட்டியது. இதை அறிந்த நாளிலிருந்து அந்தப் பாட்டை என்னால் அந்நியமாகக் கேட்க முடியவில்லை.

'நெவர் ஃபார் எவர்' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்நாட்டுப் பெண் பாடகி ஒருவரின் தனித்தொகுப்பு அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல்முறை. 1982இல் 'தி ட்ரீமிங்' தொகுப்பைத் தாமே தயாரித்தார். பிறகு பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் சொந்த ஒலிக்கூடம் கட்டினார். அங்கே 1985இல் உருவான 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' தொகுப்பின் 'ரன்னிங் அப் தட் ஹில்' பாட்டை ஒரு தொலைக்காட்சித் தொடர் வழியாக இன்றைய மாணவிகளும் அறிவார்கள். 37 ஆண்டுகள் கழித்து 2022இல் அது பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. அந்தப் பாட்டைச் சுமந்து செல்லும் மெட்டு ஃபேர்லைட்டில் வாசித்தது. கடிகாரத்தைப் பார்க்கச் சொல்ல ஆளில்லாத ஓர் அறையும், கையில் ஒரு கருவியும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. வீட்டு விலைக்குக் கருவி வாங்க முடிந்த பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது.

*

1980களின் பின்பாதியில் விலை இறங்கியது. 1986இல் அகாய் எஸ்900, 1987இல் ஈ-மியூ எஸ்பி-1200, 1988இல் ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி60 என்று வரிசையாக வந்தன. என் கருவி அந்தக் கடைசிக் கருவியின் வம்சம். நியூயார்க்கின் கறுப்பின இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளிலிருந்து தாளத் துணுக்குகளை எடுத்து ஹிப்ஹாப் பாடல்களைக் கட்டினார்கள். இசைப்பள்ளிக்குப் போகாதவர்கள், வாத்தியம் வாங்க வழியில்லாதவர்கள் தங்கள் முன்னோரின் இசையைக் கையிலெடுத்துப் பேசிய காலம் அது. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்பி-1200இல் பதிய முடிந்த மொத்த நேரம் 10 நொடி. ஒரு துண்டுக்கு இரண்டரை நொடிக்கு மேல் கிடையாது. இடம் போதாமல், இசைத்தட்டை வேகமாகச் சுழலவிட்டுப் பதிந்து, பிறகு கருவியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டரை நொடிக்குள் ஒரு கதை அடங்காது. ஒரு கூவல் அடங்கும், ஒரு பெருமூச்சு அடங்கும், உச்சத்தில் நிற்கும் ஒரு சுரம் அடங்கும். அதிலும் கேட்டவுடன் உடம்பைச் சிலிர்க்க வைப்பது எது? தேவாலயத்தில் பாடிப் பழகிய கறுப்பினப் பெண்களின் குரல். ஆகவே எடுப்பவர்கள் அந்தக் குரலின் உச்சத்தை எடுத்தார்கள், சொல்லை விட்டுவிட்டார்கள். பெண்ணின் உணர்ச்சி வேண்டும், அவள் சொல்ல வந்தது வேண்டாம் என்ற பழைய பேரத்துக்கு இயந்திரத்தின் சிறிய நினைவகம் ஒரு காரணமாகவும் ஒரு சாக்காகவும் ஆனது.

சிகாகோவில் நற்செய்திப் பாடல்கள் பாடி வளர்ந்தவர் லொலேட்டா ஹாலோவே. 1980இல் டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்த 'லவ் சென்சேஷன்' பாடலைப் பாடினார். 1989இல் இத்தாலியின் பிளாக் பாக்ஸ் குழு அந்தப் பாட்டிலிருந்து அவர் குரலை வெட்டியெடுத்து 'ரைட் ஆன் டைம்' என்ற நடனப்பாடலைச் செய்தது. அது பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டு அங்கே மிக அதிகமாக விற்ற தனிப்பாடலும் அதுவே. உறையில் ஹாலோவேயின் பெயர் இல்லை. காணொளியில் கேத்ரின் கினோல் என்ற மாடல் வாயசைத்தார். பிறகு வழக்கறிஞர்கள் வழியாகத்தான் ஹாலோவேக்கு ஒரு தொகை கிடைத்தது. 1991இல் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற பாடல் அதே குரலை எடுத்துக்கொண்டு அவர் பெயரையும் போட்டது. அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஒரு பாட்டில் அவர் பெயர் வந்தது அப்போதுதான்.

அடுத்தவர் மார்தா வாஷ். 1982இல் 'இட்ஸ் ரெய்னிங் மென்' பாடிய இருவருள் ஒருவர். பிளாக் பாக்ஸ் குழுவுக்கும், 1990இல் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி குழுவின் 'கோனா மேக் யூ ஸ்வெட்' பாட்டுக்கும் அவர் பாடிய குரல் வெளிவந்தது. திரையில் வேறு இளம்பெண்கள் வாயசைத்தார்கள். குரலுக்குப் பருத்த உடலுடைய பெண், திரைக்கு ஒல்லியான பெண் என்பது வணிகத்தின் கணக்கு. வாஷ் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்குகளின் தீர்வுக்குப் பிறகுதான் பாடியவர் பெயரை உறையில் போடும் நடைமுறை உறுதிப்பட்டது. வாயசைத்த பெண்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க எனக்கு மனமில்லை. ஒருத்தியிடமிருந்து குரலையும் இன்னொருத்தியிடமிருந்து முகத்தையும் வெட்டியெடுத்து ஒட்டியவர்கள் வேறு ஆட்கள்.

1991இல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. ராப் பாடகர் பிஸ் மார்க்கி, கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாடலை அனுமதியின்றி எடுத்தது உரிமை மீறல் என்றது. அதன்பின் துண்டு எடுப்பதற்கு முன் அனுமதி வாங்குவது தொழிலின் விதியானது. இதனால் பாடகிகளுக்கு நியாயம் கிடைத்துவிட்டதா? ஒரு பதிவுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று பாட்டை எழுதியவருடையது, மற்றது பதிவுக்கு உரிமையாளரான நிறுவனத்துடையது. பாட்டை எழுதாத, பதிவும் சொந்தமில்லாத பாடகியிடம் அனுமதி கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. லின் காலின்ஸ் 1972இல் பாடிய 'திங்க் (அபௌட் இட்)' பாட்டின் துணுக்குகள் 1988இல் வந்த 'இட் டேக்ஸ் டூ' தொடங்கி எண்ணற்ற பாடல்களில் ஒலிக்கின்றன. அந்தப் பாட்டை எழுதித் தயாரித்தவர் ஜேம்ஸ் பிரவுன். உலகமே ஆடிய குரலுக்குரியவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

*

கருவி பழையதாகிக் கைமாறும்போது வேறொரு கதை தொடங்குகிறது. 2000இல் கனடாவைச் சேர்ந்த பீச்சஸ், ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு தொகுப்பையே செய்தார். அது சாம்ப்ளர் அல்ல, தாளமும் மெட்டும் கட்டும் பெட்டி. ஆனால் படுக்கையறையில் தனியாக இசை செய்யலாம் என்ற அதே துணிச்சலைத் தருவது. எலாஸ்டிகா குழுவின் பயணத்தில் பீச்சஸ் முன்னிசை வழங்கினார். அதைப் படம் பிடிக்க வந்திருந்தார் லண்டனில் திரைக்கலை படித்த ஓர் ஈழத்தமிழ்ப் பெண், மாதங்கி அருள்பிரகாசம். நீயும் செய்யலாம் என்று பீச்சஸ் ஊக்கினார். எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மனிடம் அதே பெட்டி இருந்தது. இசை படித்திராத மாதங்கி அந்த இரவல் பெட்டியில் தட்டித் தட்டி உருவாக்கிய முதல் பாடல்கள்தான் அவரை எம்.ஐ.ஏ. ஆக்கின. ஒரு பெண் வழிகாட்டினாள், இன்னொரு பெண் கருவியைத் தந்தாள். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த கைமாற்றம் இது.

2005இல் வந்த 'அருளர்' தந்தையின் பெயரில் அமைந்தது. 2007இல் வந்த 'கலா', தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் பெயரில். 'கலா'வின் ஒரு பகுதி சென்னையில் பதிவானது. நம் உறுமியை அதில் கேட்கலாம். அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்', தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் துண்டின்மேல் கட்டியது. துப்பாக்கி வெடிப்பதும் கல்லாப்பெட்டி திறப்பதும் அதன் தாளம். குடியேறிகளைப் பற்றிய அச்சத்தை அவர்கள் முகத்திலேயே திருப்பி அடிக்கும் பாட்டு. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. கிளாஷ் குழுவினர் அனைவரின் பெயரும் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஹாலோவேக்கும் அது நடந்திருக்க வேண்டும்.

*

இனி என் கணக்குக்கு வருகிறேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு தென்மாவட்ட ஒப்பாரிப் பாடல்கள் பற்றியது. அப்போது பதிந்த ஒலிநாடாக்களை வகுப்பில் கேட்க வைப்பதற்காகத்தான் சாம்ப்ளரே வாங்கினேன். நினைவகம் கூட்டாத எம்பிசி 2000 எக்ஸ்எல்லில் 22 நொடி அளவுக்கே பதிய முடியும். ஒரு ஃபிளாப்பியில் 16 நொடி. அந்த இடத்துக்குள், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் குரலை வெட்டி வைத்தேன். சொற்கள் நீண்டுகொண்டே போனதால் அவற்றை விட்டுவிட்டு, அடியின் இறுதியில் குரல் உடைந்து இழுபடும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பொத்தானைத் தட்டினால் அந்த ஓலம். சுரத்தைக் கூட்டினால் குழந்தையின் அழுகை, குறைத்தால் ஆணின் முனகல். மாணவிகள் வாய்பிளந்து கேட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அம்மா, இந்தப் பாட்டி பேரு என்ன?"

மறுநாள் என் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். 'தகவலாளர் 14, பெண், வயது 63.' அவ்வளவுதான். ஃபீமேல் வாய்ஸ் 3 என்று எழுதியவரை நான் எந்த வாயால் குறை சொல்வது? பிளாக் பாக்ஸ் செய்ததையேதான் நான் பட்டம் வாங்குவதற்காகச் செய்திருக்கிறேன். சொல்லை விட்டு ஓலத்தை எடுத்தேன், பெயரை விட்டு எண்ணைப் போட்டேன்.

களக்குறிப்பு நோட்டில் பெயரும் ஊரும் இருந்தன. அந்த விடுமுறையில் போனேன். அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் இருந்தார். கைபேசியில் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டவர், முடிந்ததும், "இதுல எங்கண்ணன் பேரு வருமே, அது எங்க?" என்றார். சின்ன வயதில் செத்துப்போன மகனை நினைத்து அந்த அம்மா பாடிய அடிகள் அவை. பெயர் வரும் இடத்துக்கு முன்பே நான் வெட்டியிருந்தேன்.

முழு நாடாவையும் அன்று அங்கே உட்கார்ந்து கேட்டோம். அண்ணன் பெயர் மூன்று முறை வந்தது. நிலத்தை எழுதி வாங்கிக்கொண்ட பங்காளிகளைத் திட்டும் அடிகள் வந்தன. மருத்துவத்துக்குப் பணம் தராத கணவனைக் கேள்வி கேட்கும் அடி வந்தது. நான் ஓலம் என்று எடுத்துக்கொண்டதற்கு முன்னால் அத்தனை வழக்குகளும் இருந்தன. பாடியவர் ஒப்பாரி என்ற பெயரில் வழக்குரைத்திருக்கிறார். நான் அதிலிருந்து அழுகையை மட்டும் பிரித்தெடுத்திருந்தேன்.

வகுப்பில் போடலாமா அக்கா என்று கேட்டேன். "பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்க. பேரையும் சொல்லுங்க. பொஸ்தகத்துல மட்டும் வேணாம். எழவுப்பாட்டு பாடுறவ வீடுன்னு இன்னமும் சொல்லுறாக" என்றார். அதனால் அந்தப் பெயர் இந்தக் கட்டுரையில் இல்லை. பெயரைச் சொல்வது எவ்வளவு தேவையோ, எங்கே சொல்லலாம் என்று அவர்களைக் கேட்பதும் அவ்வளவு தேவை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நம் பதிப்புரிமைச் சட்டமும், ஒரு நிகழ்த்துதலைச் செய்தவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையை நிகழ்த்துநருக்குத் தருகிறது. ஒப்பாரி பாடும் பெண்ணும் நிகழ்த்துநர்தான். ஆய்வேடு எழுதும் மாணவிகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பியதும் ஃபிளாப்பி வாயைக் கழற்றிவிட்டு, பென்டிரைவ் செருகும் மாற்றுக்கருவியைப் பொருத்தினேன். நினைவகத்தையும் 32 எம்பிக்குக் கூட்டினேன். இப்போது ஆறு நிமிடம் வரை பதியலாம். அந்த அம்மாவின் பாட்டை அடி அடியாக, சொல் அறுபடாமல், 16 பொத்தான்களில் வைத்திருக்கிறேன். ஓங்கி அடித்தால்தான் பேசும் இரண்டு பொத்தான்களில் ஒன்றில் மகனின் பெயர் வரும் அடி. இந்தக் கருவியில் ஒரு துண்டுக்கு 16 எழுத்து வரை பெயர் வைக்கலாம். அவர் பெயர் அதற்குள் அடங்கிவிட்டது.